குருமாரைக் கேட்டு வந்த நூபியர்: ஆப்பிரிக்காவில் திருச்சபை அணைந்ததும் நிலைத்ததும்

1520களில் எத்தியோப்பிய மன்னர் லெப்னா தெங்கெலின் பாளையத்துக்கு ஒரு தூதுக்குழு வந்தது. வந்தவர்கள் நூபியர்கள். இன்றைய சூடானின் வடபகுதியில், நைல் கரையில் வாழ்ந்த மக்கள். பொன்னும் படையும் அவர்கள் கேட்கவில்லை. தங்கள் ஊர்களில் கோயில்கள் இருக்கின்றன, பூசை செய்யக் குருமார் இல்லை, சிலரை அனுப்பி உதவ வேண்டும் என்றுதான் கேட்டார்கள். மன்னர் கையை விரித்துவிட்டார். அவருடைய நாட்டுக்கே ஆயர் எகிப்திலிருந்துதான் வரவேண்டும். அப்படியிருக்க, அடுத்த நாட்டுக்கு எப்படி அனுப்புவார்? அப்போது அங்கே இருந்த போர்ச்சுக்கீசியப் பாதிரியார் பிரான்சிஸ்கோ ஆல்வாரெஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். நூபியர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்த அவர்களுடைய திருச்சபை அதற்குப்பின் வரலாற்றில் தென்படவில்லை.

ஆப்பிரிக்காவில் கிறிஸ்தவம் என்றதும் வெள்ளைக்காரப் பாதிரியார், கையில் வேதாகமம், பின்னால் துப்பாக்கிப் படை என்ற படம்தான் நமக்கு வருகிறது. அதில் உண்மை உண்டு. ஆனால் அது கதையின் கடைசி நூற்றைம்பது ஆண்டுகள் மட்டுமே. முழுக் கதைக்கு வயது கிட்டத்தட்ட 1,900 ஆண்டுகள். அதை முதலிலிருந்து பார்த்தால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. குருவையும் ஆயரையும் ஏற்படுத்தும் உரிமை யாரிடம் இருந்தது? ஒரு சபை பிழைத்ததா மாய்ந்ததா என்பதை, அரசன் ஆதரவைவிட, கோயிலின் அழகைவிட, இந்தக் கேள்வியும் அதன் கூடவே வரும் மொழிக் கேள்வியும்தான் பெரும்பாலும் தீர்மானித்திருக்கின்றன என்பது என் எண்ணம்.

வட ஆப்பிரிக்காவில் தொடங்குவோம். இன்றைய துனிசியாவில் இருந்த கார்த்தேஜ் ரோமுக்குப் போட்டியான கிறிஸ்தவ நகரம். மூவொரு கடவுளைக் குறிக்க லத்தீனில் 'திரினித்தாஸ்' என்ற சொல்லைக் கையாண்ட தெர்த்துல்லியன் அந்த ஊர்க்காரர். ஆயர் சிப்ரியன் 258-ல் அங்கேதான் தலை வெட்டப்பட்டு இறந்தார். ஐரோப்பியச் சிந்தனையையே வளைத்த அகஸ்டின், இன்றைய அல்ஜீரியாவில் தகாஸ்தே என்ற சிற்றூரில் 354-ல் பிறந்தவர். 411-ல் கார்த்தேஜில் இரண்டு பிரிவு ஆயர்கள் கூடி வழக்காடினார்கள். இரண்டு தரப்பையும் சேர்த்தால் 500 பேருக்கு மேல். இப்போது 1076-க்கு வாருங்கள். ஒரு புதிய ஆயரை அபிஷேகம் செய்ய மூன்று ஆயர்கள் வேண்டும் என்பது பழைய திருச்சபை விதி. அந்த மூன்று பேர்கூட அங்கே இல்லையே என்று போப் ஏழாம் கிரகோரி வருந்திக் கடிதம் எழுதுகிறார். ஐந்நூறு பேர் இருந்த மண்ணில் மூன்று பேர் இல்லை.

698-ல் அரபுப் படைகள் கார்த்தேஜைப் பிடித்ததுதான் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே படைகள் அதற்கு அறுபது ஆண்டு முன்பே எகிப்தைப் பிடித்துவிட்டன. எகிப்தின் காப்டிக் திருச்சபை சாகவில்லை. இன்றும் அந்நாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் கிறிஸ்தவர். என்ன வித்தியாசம்? கார்த்தேஜ் சபை லத்தீனில் பேசியது. நகரத்தாரின் மொழி, நிலவுடைமையாளரின் மொழி, ரோம அரசின் மொழி. உள்நாட்டில் ஆடு மேய்த்த, கோதுமை விளைத்த பெர்பர் மக்களின் மொழியில் வேதாகமம் வந்ததற்குத் தடயமே இல்லை. எகிப்தில் நடந்தது வேறு. நாட்டுப்புற மக்கள் பேசிய காப்டிக் மொழியில் வேதம் ஆரம்ப நூற்றாண்டுகளிலேயே வந்துவிட்டது. அந்தோணியாரும் பக்கோமியுவும் பாலைவனத்தில் தொடங்கிய துறவு மடங்களை நிரப்பியவர்கள் அந்த விவசாயிகளின் பிள்ளைகள்தான். நகரத்துப் பெரிய மனிதர்கள் கப்பலேறி ஓடினாலும் மடத்தில் ஒருவர் மிஞ்சியிருந்து ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

நூபியாவின் கதை இதைவிட வலி தருவது. ஏனென்றால் அவர்களிடம் மொழி இருந்தது. ஆறாம் நூற்றாண்டில் கிறிஸ்தவம் ஏற்றார்கள். 652-ல் அரபுப் படையைத் தங்கள் தலைநகர் தொங்கோலாவில் தடுத்து நிறுத்தி, 'பக்த்' என்ற உடன்படிக்கை செய்துகொண்டு பல நூற்றாண்டுகள் தனி அரசாக வாழ்ந்தார்கள். தங்கள் மொழியில் வேதப் பகுதிகளை எழுதினார்கள். அஸ்வான் அணையின் தண்ணீர் எழுமுன் 1960களின் தொடக்கத்தில் போலந்துத் தொல்லியலாளர்கள் ஃபராஸ் என்ற ஊரில் மணலைத் தோண்டியபோது ஒரு பேராலயம் முழுதாக வெளிவந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட சுவரோவியங்கள், ஆயர்களின் பெயர்ப் பட்டியல். பத்தாம் நூற்றாண்டு ஆயர் பெட்ரோஸின் ஓவியம் இன்று வார்சா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுத்த முகம், அகன்ற கண்கள், பின்னால் அவர் தோளில் கை வைத்து நிற்கும் புனித பேதுரு. 'ஆப்பிரிக்கக் கிறிஸ்தவம் வெள்ளையர் கொண்டுவந்தது' என்று யாராவது சொன்னால் அந்த ஓவியத்தைக் காட்டினால் போதும்.

ஆனால் அந்தப் பெட்ரோஸை ஆயராக்கும் உரிமை எகிப்தில், அந்நாட்டுத் திருச்சபையின் தலைவரான அலெக்சாந்திரியா பிதாப்பிதாவின் கையில் இருந்தது. வழி திறந்திருந்தவரை சிக்கல் இல்லை. எகிப்தில் மம்லூக் சுல்தான்கள் ஆட்சிக்கு வந்து நூபியா மீது படையெடுப்புகள் தொடர, தொங்கோலாவின் அரச மண்டபம் 1317-ல் மசூதியானது. ஆயர் வரத்து மெல்ல நின்றது. ஆயர் இல்லாவிட்டால் குருப்பட்டம் கொடுக்க ஆள் இல்லை. குரு இல்லாவிட்டால் பூசை இல்லை. இரண்டு தலைமுறை போனால் கோயில் வெறும் கட்டடம். தூதுக்குழு எத்தியோப்பியாவுக்குப் போனபோது எண்ணெய் வற்றிய விளக்கில் திரி கருகிக்கொண்டிருந்தது.

எத்தியோப்பியாவும் அதே கயிற்றில்தான் தொங்கியது. அங்கே கிறிஸ்தவம் வந்த கதை பலருக்குத் தெரியாது. நான்காம் நூற்றாண்டில் இன்றைய லெபனானில் உள்ள தீர் நகரத்துக் கப்பல் ஒன்று இந்தியா என்று அன்றைக்கு அழைக்கப்பட்ட கடல்வழியில் போய்த் திரும்பும்போது செங்கடல் கரையில் தாக்கப்பட்டது. தப்பிய இரண்டு சிறுவர்கள் எத்தியோப்பியாவின் பழைய தலைநகரான அக்சும் அரண்மனையில் வளர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான ஃப்ருமென்டியுஸ் பிறகு அலெக்சாந்திரியாவுக்குப் போய், அந்த நாட்டுக்கு ஓர் ஆயர் வேண்டும் என்று கேட்டார். பிதாப்பிதா அத்தனாசியுஸ் அவரையே ஆயராக்கித் திருப்பி அனுப்பினார். மன்னர் ஏசானாவின் நாணயங்களில் பிறையும் வட்டமும் மறைந்து சிலுவை வந்தது அந்தக் காலத்தில்தான்.

ஒரு நல்ல தொடக்கம் பிறகு விலங்காகிவிட்டது. எத்தியோப்பியர் தங்களுக்குள்ளிருந்து தலைமை ஆயரை ஏற்படுத்திக்கொள்ளக் கூடாது என்று, நான்காம் நூற்றாண்டில் ஆயர்கள் கூடிய நைசியா சங்கத்தின் பெயரில் புனையப்பட்ட ஒரு விதி புழக்கத்தில் இருந்தது. அதன்படி 'அபுனா' எனப்படும் தலைமை ஆயர் எப்போதும் ஓர் எகிப்தியத் துறவிதான். ஒருவர் இறந்தால் மன்னர் கெய்ரோவுக்குப் பரிசுப் பொருள்களோடு ஆள் அனுப்பி, அங்குள்ள முஸ்லிம் ஆட்சியாளரின் சம்மதமும் பெற்று, மாதக்கணக்கில் பயணம் செய்து அடுத்தவரைக் கூட்டிவர வேண்டும். வருபவருக்குப் பெரும்பாலும் உள்ளூர் மொழி தெரியாது. அதனால் ஒரு அபுனா வந்து சேர்ந்ததும் மக்கள் மலை மலையாகக் கடந்து ஓடிவருவார்கள், அடுத்தவர் எப்போது வருவாரோ என்று. ஒரே நாளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பட்டம் கொடுத்ததை ஆல்வாரெஸ் நேரில் பார்த்திருக்கிறார். மடியில் தூக்கிவந்த கைக்குழந்தைகளையும் திருத்தொண்டராக்கினார்கள்.

அப்படியானால் எத்தியோப்பியா மட்டும் ஏன் பிழைத்தது? அபுனா கையில் பட்டம் கொடுக்கும் உரிமை மட்டும்தான் இருந்தது. மற்றதெல்லாம் உள்ளூரார் கையில். அந்நாட்டின் பழைய மொழியான கீயஸில் வேதம், பாடல், பஞ்சாங்கம். தெப்ரெ லிபானோஸ் மடத்தின் தலைவர் நிர்வாகத்தைப் பார்த்தார். 'தெப்தெரா' எனப்படும் பாடகப் புலவர்கள் ஊர் ஊராகப் பிள்ளைகளுக்கு எழுத்தும் இசையும் கற்பித்தார்கள். நூபியாவில் சிம்மாசனம் சாய்ந்ததும் எல்லாம் சாய்ந்தது. இங்கே மலையுச்சி மடங்கள் தாங்கிப் பிடித்தன. 1929-ல்தான் முதன்முதலாக எத்தியோப்பியர் சிலர் ஆயர்களானார்கள். அவர்களில் ஒருவரான பெட்ரோஸ், இத்தாலியப் படைக்குப் பணிய மறுத்து 1936-ல் அடிஸ் அபாபாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1959-ல் அபுனா பசிலியோஸ் முதல் எத்தியோப்பியப் பிதாப்பிதாவாக முடிசூடினார். ஃப்ருமென்டியுஸ் கப்பலேறி ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்குப் பிறகு.

இங்கே இஸ்லாத்தையும் பார்க்காமல் போக முடியாது. ஆப்பிரிக்காவின் மற்றொரு பெருஞ்சமயம் அது. அதில் குருப்பட்டம் என்ற ஒன்றே இல்லை. குர்ஆன் ஓதத் தெரிந்த ஓர் ஆசிரியர், ஒரு மரப்பலகை, மையில் நனைத்த நாணல் பேனா, சுற்றிலும் நாலு பிள்ளைகள். இவ்வளவு இருந்தால் சகாராவைக் கடந்த வணிகக் கூட்டத்தோடு மார்க்கமும் கடந்துவிடும். அரபு எழுத்தில் ஹவுசா, ஃபுல்ஃபுல்தே, வோலோஃப் மொழிகளை எழுதும் 'அஜமி' முறையும் பிறந்தது. இன்றைய வட நைஜீரியாவில் 1804-ல் சமயப் போர் தொடங்கிய இஸ்லாமிய அறிஞர் உஸ்மான் டான் ஃபோடியோவின் மகள் நானா அஸ்மாவு மூன்று மொழிகளில் கவிதை எழுதி, கிராமத்துப் பெண்களுக்குப் பாடம் சொல்ல ஆசிரியைகளையே உருவாக்கினார். செனகலில் சூஃபி ஞானி அமாது பாம்பாவை 1895-ல் பிரெஞ்சுக்காரர்கள் கபோனுக்கு நாடு கடத்தினார்கள். ஏழு ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது அவருடைய முரீத் இயக்கம் முன்பைவிடப் பெரிதாகியிருந்தது. அவர் அடங்கியிருக்கும் தூபா நகரத்தில் ஆண்டுதோறும் கூடும் கூட்டம் இன்றும் லட்சக்கணக்கில்தான்.

சரி, கடல்வழியாக வந்த கிறிஸ்தவத்துக்கு வருவோம். 1491-ல், இன்றைய அங்கோலா, கொங்கோ பகுதிகளில் இருந்த கொங்கோ நாட்டின் அரசர் ஞானஸ்நானம் பெற்றார். போர்ச்சுக்கீசியர் அவர் நாட்டை வென்றிருக்கவில்லை. அவராக விரும்பி ஏற்றது. மகன் அஃபோன்சோ இன்னும் தீவிரம். பள்ளிகள் திறந்தார், தன் பிள்ளை ஹென்றிக்கேயைப் போர்ச்சுகலுக்குப் படிக்க அனுப்பினார். 1518-ல் ஹென்றிக்கே ஆயரானார். இந்த அரசர்தான் 1526-ல் போர்ச்சுகல் மன்னருக்குக் கடிதம் எழுதி, உங்கள் வணிகர்கள் என் குடிமக்களை, என் உறவினர்களையே பிடித்து விற்கிறார்கள் என்று முறையிட்டார். ஒரே கடலில் ஞானஸ்நானமும் வந்தது, அடிமைக் கப்பலும் வந்தது. அந்தக் கடிதங்களைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

ஹென்றிக்கேக்குப் பிறகு? ரோமன் கத்தோலிக்கரின் லத்தீன் முறையில் கறுப்பின ஆப்பிரிக்கர் இன்னொருவர் ஆயரானது 1939-ல், உகாண்டாவின் ஜோசப் கிவானுகா. நடுவே நானூற்று இருபத்தோரு ஆண்டுகள். அந்த இடைவெளியில் கொங்கோ மக்களின் நம்பிக்கையைச் சுமந்தவர்கள் 'மெஸ்த்ரே' எனப்பட்ட உள்ளூர் ஆசிரியர்கள். நம் தென்மாவட்டங்களில் உபதேசியார் என்று சொல்வார்களே, ஏறத்தாழ அதே வேலை. 1624-லேயே கிகொங்கோ மொழியில் ஞானோபதேச நூல் அச்சாகிவிட்டது. ஞானஸ்நானத்தில் நாக்கில் உப்பு வைக்கும் வழக்கத்தைப் பார்த்து மக்கள் அந்தச் சடங்குக்கே 'உப்பு உண்ணுதல்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டுப் பாதிரியார் எப்போதோ ஒருமுறை வந்து உப்பு கொடுத்துவிட்டுப் போவார். மிச்சத்தை மெஸ்த்ரே பார்த்துக்கொள்வார்.

கிம்பா வீட்டா என்ற இளம்பெண் இந்த ஏக்கத்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் தலைநகர் பாழாய்க் கிடந்த காலம். புனித அந்தோணியார் தன் உடலில் இறங்கிப் பேசுகிறார் என்றார். இயேசு கொங்கோவில்தான் பிறந்தார், புனிதர்களில் கறுப்பரும் உண்டு என்றார். பாழடைந்த நகருக்கு மக்களைத் திரும்பக் கூட்டிவந்தார். கப்புச்சின் துறவிகளின் வற்புறுத்தலில் அரசர் அவரை 1706 ஜூலை 2 அன்று தீயிலிட்டார். வயது இருபதுகளின் தொடக்கம். கோட்பாட்டளவில் அவர் சொன்னது பிழை என்று எந்தப் பாதிரியாரும் நிறுவிவிடலாம். அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் அன்று யாரிடமும் பதில் இல்லை: இந்தச் சபையில் எங்கள் முகம் எங்கே?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கேள்விக்கு விடையாக வந்தவர் சாமுவேல் அஜாயி குரோதர். 1821-ல், இன்றைய தென்மேற்கு நைஜீரியாவில் உள்ள யொருபா நாட்டில் பன்னிரண்டு பதிமூன்று வயதில் பிடிபட்டு, கைமாறிக் கைமாறிப் போர்ச்சுக்கீசியக் கப்பலில் ஏற்றப்பட்டார். பிரிட்டிஷ் கடற்படை அந்தக் கப்பலை மடக்கி அவரைச் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறக்கியது. அந்த ஊரே வியப்பானது. 1792-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து சுமார் 1,200 விடுதலை பெற்ற கறுப்பர்கள், தங்கள் போதகர்களோடும் சபைகளோடும் வந்து குடியேறிய இடம். மேற்கு ஆப்பிரிக்காவின் பல புரோட்டஸ்டன்ட் சபைகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. அடிமைத்தனத்திலிருந்து வந்தவர்கள் சுமந்துவந்த வேர்.

குரோதர் யொருபா மொழியில் வேதாகமத்தை மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பு என்றால் சொல் மாற்றி வைப்பதல்ல. அவர் சந்தைகளிலும் வீடுகளிலும் மக்கள் பேசுவதைக் கேட்டு எழுதினார். கடவுளுக்கு யொருபாவின் 'ஒலோருன்' என்ற பெயரையே எடுத்தார். குருவுக்கு, அங்கே முஸ்லிம் அறிஞர்களைக் குறித்த 'அலுஃபா' என்ற சொல். ஜெபத்துக்கு 'அதுரா', அது அரபுச் சொல்லின் வழிவந்தது. சாத்தானுக்கு மட்டும் 'எஷு' என்ற யொருபா தெய்வத்தின் பெயர் போய்ச் சேர்ந்தது. வழிகளுக்கும் சந்திகளுக்கும் உரிய அந்தத் தெய்வத்தைப் பேயாக்கியது அநியாயம் என்று யொருபா அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. தெற்கே ஸ்வானா மொழியில் ராபர்ட் மோஃபாட் இதைவிடக் கொடிதாகச் செய்தார். முன்னோர்களைக் குறிக்கும் 'பதிமோ' என்ற சொல்லைப் பேய்களுக்கு வைத்துவிட்டார். வேதாகமத்தைத் திறந்தால் சொந்தத் தாத்தா பாட்டி பேயாக நிற்பார்கள்.

1846-ல் அபெயோகுத்தாவில் குரோதர் தன் தாயைக் கண்டார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு. இருவருக்கும் பேச்சே வரவில்லை. 1864-ல் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் ஆங்கிலிக்கன் ஆயராக அபிஷேகம் பெற்றார். ஆனால் அவருடைய மறைமாவட்டத்தின் எல்லையை எப்படி வரைந்தார்கள் தெரியுமா? பிரிட்டிஷ் ராணியின் ஆட்சிக்கு வெளியே உள்ள பகுதிகள் மட்டும். யொருபா நாட்டில் இருந்த வெள்ளை மிஷனெரிகள் கறுப்பரின் கீழ் வேலை செய்ய மறுத்ததால், சொந்த மண்ணுக்கே அவர் ஆயர் இல்லை. 1890-ல் இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர்கள், பேரப்பிள்ளை வயதுக்காரர்கள், நைஜர் ஊழியத்தில் அவருடைய உதவியாளர்களை ஒழுக்கக் குற்றம் சாட்டி நீக்கினார்கள். முதியவர் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியேறினார். 1891-ன் கடைசி நாளில் இறந்தார். அடுத்து வந்த ஆயர் வெள்ளையர்.

மேற்கு ஆப்பிரிக்கர்கள் இதை மறக்கவில்லை. குருப்பட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று பலர் முடிவு செய்தார்கள். லைபீரியாவின் வில்லியம் வாடே ஹாரிஸ் 1913-ல் வெள்ளை அங்கி, மூங்கில் சிலுவை, சுரைக்குடுவை, வேதாகமம் ஆகியவற்றோடு ஐவரி கோஸ்ட் கரையோரமாக வெறுங்காலில் நடந்தார். யாரும் அவரை அனுப்பவில்லை. ஒன்றரை ஆண்டுக்குள் லட்சம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பது பொதுவான கணிப்பு. பிரெஞ்சு அரசு அவரை விரட்டியது. பத்தாண்டு கழித்து மெதடிஸ்ட் மிஷனெரி ஒருவர் அந்தப் பக்கம் போனபோது, ஊர் ஊராக மக்கள் கோயில் கட்டி, படிக்கத் தெரியாத வேதாகமத்தை வைத்துக்கொண்டு, விளக்கிச் சொல்பவர் வருவார் என்று காத்திருந்தார்கள்.

1918-ல் இன்ஃபுளுவென்சா வந்தது. நைஜீரியாவின் இஜெபு ஓடே ஊரில் மருந்துக்கு வழியில்லாமல் சிலர் கூடி ஜெபிக்கத் தொடங்கினார்கள். 'அலாதுரா', அதாவது ஜெபிப்போர் என்ற பெரிய இயக்கம் அதிலிருந்தும் அதைப் போன்ற குழுக்களிலிருந்தும் வளர்ந்தது. பெயரிலேயே குரோதர் எடுத்த அந்த அரபுச் சொல் இருக்கிறது. பெல்ஜியக் கொங்கோவில் சைமன் கிம்பங்கு 1921-ல் சில மாதங்கள்தான் நோயாளிகளுக்காக ஜெபித்துப் போதித்தார். மரண தண்டனை விதித்து, பிறகு ஆயுள் சிறையாக்கினார்கள். முப்பது ஆண்டுகள் சிறையில் கழித்து 1951-ல் அங்கேயே இறந்தார். மறைவில் வாழ்ந்த அவருடைய சபை 1959-ல் அரசு அங்கீகாரம் பெற்று, 1969-ல் உலகத் திருச்சபைகள் மன்றத்தில் சேர்ந்தது.

இந்த மண்ணில்தான் பெரிய வளர்ச்சி நடந்தது. 1900-ல் ஆப்பிரிக்கா முழுவதும் கிறிஸ்தவர்கள் சுமார் 1 கோடி. அதில் பெரும்பகுதி எகிப்தியரும் எத்தியோப்பியரும். இன்று 60 கோடிக்கு மேல். 2020 நிலவரப்படி உலகக் கிறிஸ்தவர்களில் ஏறத்தாழ 31 சதவீதம் சகாராவுக்குத் தெற்கே வாழ்கிறார்கள். ஐரோப்பாவில் 22 சதவீதம்தான். இதில் கவனிக்க வேண்டியது காலம். காலனி ஆட்சி முடிந்து மிஷனெரிகள் கப்பலேறிய பிறகுதான் எண்ணிக்கை மிகவும் கூடியது. மிஷன் பள்ளியும் மருத்துவமனையும் விதைத்தன, மறுக்கவில்லை. ஆனால் சைக்கிளிலும் கால்நடையிலும் அடுத்த ஊருக்கு எடுத்துப்போனவர் உள்ளூர் உபதேசியார். உகாண்டாவின் அப்போலோ கிவெபுலாயா கொங்கோ காட்டு எல்லையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தது அதைத்தான்.

என் வாதம் முட்டி நிற்கும் இடம் ஒன்று உண்டு. ருவாண்டா. 1994-ல் அந்த நாட்டு மக்களில் மிகப் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள். வேதம் தாய்மொழியில். ஆயர்கள் பெரும்பாலும் அந்த மண்ணின் பிள்ளைகள். அந்த ஆண்டு ஹுட்டு தீவிரவாதிகள் நடத்திய இனப்படுகொலையில், அடைக்கலம் தேடி ஓடிவந்த துட்சி மக்கள் ந்தராமாவிலும் ந்யாமாதாவிலும் கோயிலுக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கிகாலிப் பேராயர் பல ஆண்டுகள் ஆளுங்கட்சியின் மத்தியக் குழுவில் அமர்ந்திருந்தவர். மொழியும் சொந்தக் குருமாரும் ஒரு சபையை உயிரோடு வைக்கும். அது எதற்காக உயிர்வாழ்கிறது என்பதை அவை சொல்லித் தராது. கொன்றவர்களில் குருமாரும் இருந்தார்கள். 2017-ல் போப் பிரான்சிஸ் அதற்காக மன்னிப்புக் கேட்டார். அந்தக் கோயில்கள் இப்போது நினைவிடங்கள். பலகை இருக்கைகள் மீது இறந்தவர்களின் உடைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

குரோதர் விஷயத்திலும் ஒரு மன்னிப்பு வந்தது, மிகத் தாமதமாக. அவர் அபிஷேகம் பெற்று 150 ஆண்டுகள் நிறைந்த 2014-ல், அதே கேன்டர்பரி பேராலயத்தில், அவருக்கு இழைத்த அநீதிக்காகப் பேராயர் ஜஸ்டின் வெல்பி வருத்தம் தெரிவித்தார். அந்த ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபை ஆலயங்களுக்கு வாரந்தோறும் போனவர்கள் சுமார் 10 லட்சம் பேர். நைஜீரிய ஆங்கிலிக்கன் சபை தன் உறுப்பினர்களைக் கோடியில் கணக்கிடுகிறது. ஆயர்களை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். யொருபா நாட்டுக் கோயில்களில் ஞாயிறன்று குரோதரின் சொற்களில்தான் ஜெபம்: 'ஒலோருன்' என்று அழைத்து, 'அதுரா' என்று பெயர் சொல்லி.